9137-இல் முடிகிற பகா எண்

என் பிரியமான நங்கைக்கு,

அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது நம் ஊர்ப் பழக்கம். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்தச் சொல் வாயில் வரவே இல்லை. இன்றைக்குக் கத்திக் கூப்பிட வேண்டும்போல இருக்கிறது. நம் பந்தயத்துக்கு விடை கிடைத்துவிட்டதுங்க!

உங்கள் ஸ்கூட்டர் நம்பர் 9137 வந்த அன்று அண்ணன் முகம் சுளித்தது நினைவிருக்கிறதா? "கூட்டினா ரெண்டு வருது, ராசியில்லை" என்றது. நீங்களோ, "கூட்டாதீங்க, வகுத்துப் பாருங்க. எதுலயும் வகுபடாதுங்க" என்றீர்கள். பகா எண்! இடது பக்கம் ஒன்பதை மறைத்தால் 137, அதுவும் பகா எண். ஒன்றை மறைத்தால் 37. மூன்றை மறைத்தால் 7.

சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் போகிற வழியெல்லாம் பின்சீட்டில் நான் அதைத்தான் பேசிக்கொண்டு வருவேன். முன்னால் 2 வைத்தோம். 29137, அதுவும் வகுபடவில்லை. இப்படி இடது பக்கம் இலக்கம் சேர்த்துக்கொண்டே போனால் முடிவு உண்டா? பூஜ்யம் மட்டும் கூடாது என்பது நம் ஒப்பந்தம். முடிவே இல்லை என்றீர்கள் நீங்கள். எங்கேயாவது நின்றுதான் ஆகும் என்றேன் நான். போனில் தேடக் கூடாது, நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டீர்கள்.

போன வாரம் அண்ணன், "அம்மணி, சும்மா நின்னா வண்டி வீணாப் போயிரும். அன்னூர்ல ஒருத்தர் கேக்கறாரு, குடுத்துப்போடலாம்" என்றது. வண்டியும் போய்விட்டால் உங்களோடு பேச எனக்கு என்ன இருக்கிறது? அந்த ஆற்றாமையில்தான் போனை எடுத்துத் தேடினேன்.

நின்றுவிடுகிறதுங்க! இருபத்து நான்கு இலக்கத்தில். இடமிருந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே வந்தாலும் கடைசி வரை பகா எண்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று முதல் ஒன்பது வரை எதை வைத்தாலும் வகுபட்டுவிடும். அந்த வகையில் அதைவிடப் பெரியது கிடையாது. இதோ பாருங்கள்:

357686312646216567629137

கடைசியைப் பார்த்தீர்களா? காலண்டர் தாளின் பின்னால் பெரிதாக எழுதி அண்ணனிடம் நீட்டினேன். கணக்கென்றாலே காத தூரம் ஓடுகிற மனுஷன், நான் சொன்னபடி உள்ளங்கையால் இடமிருந்து மறைத்துக்கொண்டே வந்தது. நாலு இலக்கம் மிச்சமிருக்கையில் கை நின்றுவிட்டது.

"இது நம்மூட்டு வண்டி நம்பரு அம்மணி."

"அன்னூர்க்காரருக்கு வேண்டாம்னு சொல்லிப்போடறேன்" என்று எழுந்து போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தது.

பந்தயத்தில் ஜெயித்தது நான்தான். ஆனால் நீங்கள் இல்லாமல் யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது?

ஒன்று மட்டும் சொல்கிறேன் நங்கை. இத்தனை வருஷம் பின்சீட்டிலேயே உட்கார்ந்து வந்தவள், நாளை முதல் ஓட்டப் பழகப் போகிறேன். அண்ணன் பின்னால் உட்காரச் சம்மதித்துவிட்டது. பயத்தில் இப்போதே சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டது.

உங்கள் சாவியைக் கையில் வைத்திருக்கும்
உங்கள் நாத்தனார்,
கோமதி