பெட்டியில் ஒரு துப்பாக்கிதான் இருந்தது

என் பிரியமுள்ள அண்ணா,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். கோபப்பட நீ இல்லை என்ற தைரியம்தானோ?

கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் நீ ஃபிட்டராக இருந்தாய். ஒரு நாள் கோணி சுற்றிய மரப்பெட்டியோடு வந்து, கட்டிலுக்கடியில் தள்ளினாய். "அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத. பயந்துக்கும்" என்றாய். நீ குளிக்கப் போனதும் திறந்துவிட்டேன். பச்சைத் துணி ஒட்டிய பள்ளங்களில் இரண்டு கைத்துப்பாக்கிகள், தலைமாற்றிப் படுத்திருந்தன. வெடிமருந்துக் குடுவைக்கும் குண்டு வார்க்கும் அச்சுக்கும்கூட அதனதன் அளவில் குழி.

திரும்பினால் நீ நிற்கிறாய். திட்டவில்லை. ஒன்றை எடுத்துக் காட்டினாய்.

"சக்கிமுக்கிக் கல்லு இங்க அடிக்கும், பொறி பறந்து மருந்து பத்திக்கும். மானம் போச்சுன்னா வெள்ளைக்காரனுங்க எதிரெதிர நின்னு சுட்டுக்குவானுங்களாம். ரெண்டும் ஒரே எடை, ஒரே நீளம். மெட்ராஸ்ல ஒரு பெரிய மனுசரு ஊட்டு சாமான். ஒண்ணுல ஸ்பிரிங் ஒடஞ்சிருக்குது, புச்சா செஞ்சு போடணும்."

எட்டுப்பட்டைக் குழலைத் தடவினாய். கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாக இழைத்திருந்த கோடுகளை நகத்தால் வருடினாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. ஆயுத இயக்கத்தில் சேர்ந்த வாலிபர்களைத் தேடிப் போலீஸ் வந்துபோன காலம் அது. அதற்குப் பிறகு நீ தாமதமாக வந்தாலே யாரோடு இருந்தாய் என்று யோசித்தேன். உன் சட்டைப் பையைக்கூடத் துழாவினேன்.

புதன்கிழமை பெட்டியில் ஒரு துப்பாக்கிதான் இருந்தது. யாரைச் சுடப் போயிருக்கிறாய்? பஸ் ஏறிப் போய்ப் போலீசில் சொல்லிவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன், அண்ணா.

நீயோ ஸ்பிரிங்கைப் பொருத்திப் பார்க்கப் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தாய். எல்லார் கண்ணெதிரிலும் பிடித்துப் போனார்கள். துப்பாக்கிகளின் சொந்தக்காரர் காகிதங்களோடு வந்து சொன்ன பிறகுதான், மூன்றாம் நாள், விட்டார்கள். வேலை போய்விட்டது.

"சேகரு போட்டுக் குடுத்துட்டான். உன்னை உட்டா அவனுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாய். உன் உயிர்ச் சிநேகிதர். நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு வருஷம், சாகும்வரை, நீ அவரோடு பேசவில்லை.

உன் அடக்கத்தன்று அவர் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் தனியாக நின்றார். நேற்று ஆரணிக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிரவில்லை.

"தெரியும்மா. அன்னிக்கு போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து நீ அழுதுகினு வந்தத பாத்தேன்."

"அப்போ அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னை உட்டா வேற சிநேகிதன் கெடைப்பான். தங்கச்சிக்கு எங்க போவான்?"

உனக்கு வேறு சிநேகிதன் கிடைக்கவே இல்லையே. என்மேல் ஒருதரம்கூட உனக்குச் சந்தேகம் வரவில்லையா? வந்தும் விழுங்கிவிட்டாயா?

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், சேகர் அண்ணனைப் பக்கத்தில் நிறுத்தி, அம்மா முன்னாலும் ஊர் முன்னாலும் சொல்லிவிடுவேன். அதன்பின் அம்மா என்னோடு பேசாவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

உன்னை நம்பாமல் போன தங்கச்சி,
ஸ்டெல்லா