ஒன்பதாம் வகுப்புக்குச் சீட்டுப் போட்ட கதை

பாளையங்கோட்டை
21.10.1994

அன்பு மகள் ரீபாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முனகுகிறது, டெல்லியில் உன்னையும் கர்த்தர் சுகமாக வைத்திருக்க இரண்டு பேரும் ஜெபிக்கிறோம். அங்கே குளிர் தொடங்கப் போகிறது, ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து இப்போதே வெயிலில் போடு, இருமல் வந்த பிறகு தேடாதே. அம்பாசமுத்திரத்துச் சித்தி வந்து புது அரிசி கொடுத்துவிட்டுப் போனாள், உனக்கு மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று கேட்டாள், சமூகவியல் எம்.ஃபில். முடிக்கட்டும் என்றேன், அதுல கல்யாணம்னு ஒரு பாடமும் கிடையாதாக்கும் என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

மார்ச்சில் நீ எழுதிய கடிதத்தைப் படித்து எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் யாரையும் மேலே தூக்கிவிடுவதில்லை, வீட்டு வசதியில் உள்ள வித்தியாசத்துக்கே மார்க் என்று பெயர் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது, பிள்ளைகளும் அதைத் தங்கள் புத்தி என்று நம்பிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். தலைமையாசிரியை பெற்ற பிள்ளை எழுதுகிற எழுத்தா இது என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, கோவப்படாம ஏ பிரிவுல யார் வீட்டுப் பிள்ளைக இருக்குன்னு ஒரு நடை போய்ப் பாரேன் என்றார். போய்ப் பார்த்தேன். நம் பள்ளியில் மார்க் வரிசைப்படிதான் பிரிவு, அதில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை, ஆனால் ஏ பிரிவில் முக்கால்வாசியும் பாங்க், ஆஸ்பத்திரி, காலேஜ் வீட்டுப் பிள்ளைகள், டி பிரிவில் பீடி சுற்றுகிற வீடு, கொத்தனார் வீடு. கணக்குக்குப் பேர்போன தில்லைநாயகம் சார் ஏ பிரிவுக்கு மட்டும் போவார், டி பிரிவுக்குக் கணக்கு எடுப்பது நம் தையல் டீச்சர். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜூன் மாதம் ஒரு காரியம் செய்தேன். எப்படி மாற்றிப் பிரித்தாலும் யாராவது சிபாரிசோடு வந்து நிற்பார்கள், அதனால் புது வருஷ ஆராதனையில் வருஷத்துக்கான வாக்குத்தத்த வேத வசனத்தைச் சீட்டுக் குலுக்கி எடுப்போமே, அதே மாதிரி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரிவுக்குச் சீட்டு எடுக்கச் சொல்லிவிட்டேன், தில்லைநாயகம் சாருக்கும் எல்லாப் பிரிவிலும் பாடம் போட்டேன். எடுத்த சீட்டை மாற்றக்கூடாது என்பது சபை வழக்கம் அல்லவா, பயமுறுத்துகிற வசனம் வந்தால் குருவானவர் அந்தப் பக்கம் திரும்பியதும் உன் அப்பா இன்னொரு தடவை கையை விட்டு வேறு சீட்டு எடுப்பார், அவருடைய அந்த வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை.

பெருமாள்புரத்து பாங்க் மேனேஜர் மகள் சுப்ரியாவும், கீழநத்தத்துப் பீடி சுற்றுகிற வீட்டுச் சண்முகசுந்தரியும் ஒரே பெஞ்சு. சண்முகசுந்தரி வீட்டுப்பாடம் எழுதி வந்ததே கிடையாது, சுப்ரியா காரணம் கேட்டு அவள் வீடு வரைக்கும் போய்விட்டாள். அப்புறம் சனிக்கிழமைதோறும் அங்கேயே இருக்க ஆரம்பித்தாள். சுப்ரியாவின் அம்மா வித்யாலக்ஷ்மி என் அறைக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே, பொண்ணு கையெல்லாம் பொயிலை வாடை அடிக்குது மிஸ், படிக்க அனுப்பினோமா பீடி சுத்த அனுப்பினோமா என்றார். சுப்ரியாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். சண்முகசுந்தரிக்குப் பீடித் தட்டை மடியிலேர்ந்து இறக்கி வைக்க நேரமில்ல மிஸ், நான் கணக்கை வாசிப்பேன், அவ சுத்திக்கிட்டே வழி சொல்லுவா, நானும் ரெண்டு சுத்திப் பார்த்தேன், எல்லாம் பிரிஞ்சு போச்சு என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வித்யாலக்ஷ்மி நேரே தாளாளர் ஹெப்ரான் ஐயாவிடம் போய்விட்டார்.

போன சனிக்கிழமை நிர்வாகக் குழு கூடியது, பழையபடி பிரிக்க வேண்டும் என்று நாலைந்து பேர். சபையில் விழுந்த வசனத்தை மாற்றித் தரச் சொன்னால் தருவீர்களா ஐயா என்று கேட்டேன். ஹெப்ரான் ஐயாவின் தம்பி பேத்திக்கே சீட்டில் டி பிரிவுதான் விழுந்திருக்கிறது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சரி இருக்கட்டும்மா, ஆனா இந்த ஒரு வருசந்தான் என்றார். அதையே பெரிய ஜெயமாக எண்ணி வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் பணியாரம் சுட்டேன். ஆனாலும் உன்னிடம் மறைக்கக் கூடாது, காலாண்டில் சுப்ரியாதான் முதல், சண்முகசுந்தரி கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ். சுப்ரியா வீட்டில் ட்யூஷன் வாத்தியார் வருகிறார், இவள் வீட்டுக்குப் பீடி இலைக் கட்டு வருகிறது. பெஞ்சு மாறினாலும் வீடு மாறவில்லை, இந்த இடத்தில் நீதான் சரி.

நேற்றுக் காலை சண்முகசுந்தரியின் அம்மா வந்தாள். ஒன்பதாவதோடு மகளை நிறுத்திவிடுவதாக முன்பே சொல்லியிருந்தவள், இப்போதே நிறுத்த வந்துவிட்டாளோ என்று பயந்துவிட்டேன். வாசலிலேயே நின்றவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பத்தாங்கிளாஸுலயும் இப்பிடித்தான் எல்லாத்தையும் சேத்து உக்கார வைப்பியளா டீச்சர், வைப்பியள்னா நான் இவளை நிப்பாட்டாம அனுப்புதேன் என்றாள். வைப்போம், நீ அனுப்பு என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை ரீபா. ஆனாலும் என் தலைமையாசிரியை நாற்காலியில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு ஆராதனையை விடாதே, தேவன் உன்னை ஆசீர்வதித்துப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, பத்தாம் வகுப்பையும் இப்படியே பிரிக்கச் சம்மதம் கேட்க ஹெப்ரான் ஐயா வீட்டுக்கு என்னோடு நீயும் வர வேண்டியிருக்கும்.

உன் அன்பு அம்மா,
பியூலா ஞானையா