நாற்பது மணி நேரமும் ஒரு கையெழுத்தும்

அன்பு மகனுக்கு,

நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் இருக்கிற கோபத்தில் மறந்துபோகும். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று, இரண்டு நாள் பேச முடியவில்லை, வீடு அமைதியாக இருந்தது. உன் அக்கா புது வீட்டுக்கு மாறிவிட்டாள், நான்காம் மாடி, லிஃப்ட் ஓடாத நாளெல்லாம் எனக்குப் போன் போட்டு மூச்சு வாங்குகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதைக் கேட்டு எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது, அப்பா பக்கத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனைத் தனியாகச் செய்ய உனக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டுமாம், இங்கே வந்து உட்கார நேரமில்லையாம், அம்மா அந்தப் பயிற்சிக் கூடத்தில்தானே இருக்கிறாள், பதிவேடும் அவள் கையில்தானே இருக்கிறது, நீ நாற்பது மணி நேரம் பயிற்சி எடுத்ததாக எழுதி, பரீட்சை வைக்கிற டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பினால் வேலை முடிந்ததாம். இதைக் கேட்க உனக்கு வாய் கூசவில்லையா? போதாக்குறைக்கு, “பெட்டிக்குள்ள வளையத்தை எடுத்து மாட்டறதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டும்மா” என்று வேறு சொன்னாய். போனை வைத்ததும் அப்பா உனக்கு வக்காலத்து வாங்க வந்தார், பல் வலியை மறந்து. அவருக்கும் சேர்த்துக் கொடுத்தேன்.

விளையாட்டா அது? ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக நின்றுவிட்டுத்தான் இந்தக் கூடத்துக்கு வந்தேன். எங்கள் சிடுமூஞ்சி டாக்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, ஐம்பத்தாறு வயது, வயிற்றைத் திறந்து செய்வதில் அவர் கைக்கு நிகர் கிடையாது. அவரே பயிற்சிக்கு வந்து, வயிற்றுக்குப் பதிலாக நாங்கள் உள்ளே கேமரா பொருத்தி வைத்திருக்கும் அந்தப் பெட்டிக்கு முன்னால் திணறினார். கை ஒரு பக்கம் போக, திரையில் இடுக்கி மறுபக்கம் போகும், ஆழம் தெரியாது, தொட்டது தெரியாது. முடிச்சுப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றார். முடிச்சுப் போட்ட ரப்பர் குழாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பது என் வேலை, அவர் முடிச்சு என் கையிலேயே அவிழ்ந்தது. கேமராவைத் திட்டினார், மேசையைத் திட்டினார், என்னையும் திட்டினார். ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகும்போது அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் வந்து உட்காருவார், ஏழு வாரம். மூன்றாம் தடவை நான் இழுத்த இழுப்புக்குக் குழாய்தான் நீண்டது, முடிச்சு அசையவில்லை.

உன்னிடம் ஒளிக்க மாட்டேன், திங்கட்கிழமை காலையில் பதிவேட்டைத் திறந்து பேனாவையும் கையில் எடுத்துவிட்டேன். பெற்ற மனம், வேறென்ன சொல்ல. மனசாட்சிக்கு ஒரு சமாதானம் வேண்டுமே என்று, உன் திறமைக்குச் சாட்சியாக நீ அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அட்டைப் பெட்டிக்குள் போனைக் கேமராவாக வைத்து முடிச்சுப் போடுகிறாய். என்ன வேகம்! ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். நூலைப் பிடிக்கும் அவசரத்தில் ஊசியைத் திரைக்கு வெளியே கொண்டுபோய்விட்டாய், நான்கு வினாடி ஊசி எங்கே என்று உனக்கே தெரியாது. அட்டைப் பெட்டியில் அங்கே ஒன்றுமில்லை, வயிற்றில் அங்கே குடல் இருக்கிறது. இரண்டாம் சுற்றையும் முதல் சுற்று போட்ட அதே பக்கமாகவே போட்டாய், மாற்றிப் போடாவிட்டால் அது வழுக்கும் என்று தியேட்டரில் துணி மடிக்கிறவளுக்குக்கூடத் தெரியும். பேனாவை மூடி வைத்தேன்.

யாரென்று சொல்லாமல் வீடியோவைப் பரீட்சை டாக்டரிடம் காட்டினேன். அவர் ஒரு மதிப்பெண் தாளை எடுத்து நேரத்துக்கு முழு மதிப்பெண் போட்டார், ஊசிக்கும் முடிச்சுக்கும் உள்ள மற்ற இரண்டு கட்டத்திலும் பூஜ்யம் போட்டார், கீழே தேர்ச்சி இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகுதான் என் மகன் என்று சொன்னேன். “வேகத்தை யாரோ பாராட்டிப் பாராட்டிக் கெடுத்திருக்காங்க சிஸ்டர், கூட்டிட்டு வாங்க” என்றார். அந்த யாரோ நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் நீ எதை முதலில் முடித்தாலும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தானே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், கிழித்துப் போடாதே. லீவு போட்டுவிட்டு வா, நாற்பது மணி நேரமும் ஸ்டாப்வாட்சை நானே பிடிக்கிறேன், ஒரு வினாடி சலுகை கிடையாது.

கோபத்தில் எழுதினேன் என்று மனதில் வைத்துக்கொள்ளாதே, உன் கையும் மனதும் நேராக இருந்து நீ நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் சேர்த்து. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சான்றிதழ் வந்துவிடும் என்று நம்பி அடுத்த மாதம் ஒரு பஸ் டிரைவருக்கு நாள் குறித்திருப்பதாகச் சொன்னாய், இரண்டு பெண் குழந்தைகள் என்றாய். நீயே அவர் படுக்கைக்குப் பக்கத்தில் போய் வேறு டாக்டர்தான் செய்வார் என்று சொல்லிவிடு. ஏன் என்று கேட்டால், எனக்கு இன்னும் முடிச்சு சரியாகப் போட வரவில்லை என்று உன் வாயாலேயே சொல்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா