எங்கள் தோழனை விடு

வெள்ளவத்தை,
12.8.1997

மச்சான் ஸாலிஹ்,

நீ அனுப்பிய கேசட்டைக் கேட்டேன். பாதியில் எழுந்துபோய் வாய் கொப்பளித்தேன்.

ஒரு தமிழன், ஒரு முஸ்லிம், ஒரு சிங்களவன் சேர்ந்து யுத்தத்தைத் திட்டிப் பாடினால் நாடு வெட்கப்படும் என்று நம்பித்தானே இந்த ரொக் இசைக்குழுவைத் தொடங்கினோம்?

அன்று கச்சேரி முடிந்து திரும்பும்போது, கொட்டாஞ்சேனை சோதனைச்சாவடியில் ஆமிக்காரர்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு என்னை மட்டும் இறக்கினார்கள். மேடையில் ஆமியைக் கிழி கிழியென்று கிழித்த எங்கள் பாடகன் நிஹால், வாகனத்தின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். நீயாவது வாய் திறந்தாய்: "கிட்டார தந்திட்டுப் போ மச்சான், அவனுகள் ஒடச்சிப் போடுவானுகள்." தந்தேன். வாகனம் போய்விட்டது.

உள்ளே இருந்த பதினொரு நாளைப் பற்றி உனக்கு எழுதப் போவதில்லை.

ஆனால் இந்தப் பாட்டு! இதில் நீங்கள் இருவரும் வாகனத்தை விட்டுக் குதித்து, ஆமி நீட்டிய துவக்குக்கு முன்னால் நின்று, "எங்கள் தோழனை விடு" என்று கத்துகிறீர்கள். சனம் விசிலடிக்கிறது. சீ! மெட்டு வேறு நன்றாக இருக்கிறது.

அடுத்த கச்சேரிக்கு வரச் சொல்கிறாய். கிட்டாரில் ஒரு கீறலும் விழவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அதை நீயே வைத்துக்கொள். என் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை.

இப்படிக்கு,
பாட்டில் வரும் தோழன்