முப்பதடி ரோடு

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு என்னைத் திட்டாதே. பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். பகலில் எழுதலாம் என்றால் பேனாவைப் பிடுங்குகிறாள். அதோடு, பகல் வெளிச்சத்தில் இதை உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

போன வாரம் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, ஒரு நீளமான காகிதச் சுருளைக் கூடத்தில் விரித்தார். குப்பென்று அம்மோனியா நெடி. உனக்குச் சொல்லவா வேண்டும்? மஞ்சக்குப்பத்தில் நம் சர்வே அலுவலகத்தின் பின்னறையில் துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, நீயும் நானும் மனை பிளானுக்குப் பிரிண்ட் எடுப்போமே, அதே நெடி. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. உன் ஞாபகம் வந்தால் எனக்கு எப்போதும் முதலில் சிரிப்புதான் வரும்.

"மனை முடிச்சாச்சு," என்றார். "கீரப்பாளையம் போற வழி. கார்னர் மனை. முப்பதடி ரோட்டு மேல. நானே போயி நின்னு பாத்தேன், ரோடு சும்மா பளபளன்னு கெடக்குது. அடுத்த வாரம் ரிஜிஸ்டர்."

குனிந்து பார்த்தேன். மனை எண்கள். ஏழு வரும் இடமெல்லாம் குறுக்கே ஒரு சின்னக் கோடு. நான் போடும் ஏழு. 'முப்பதடி ரோடு' என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் எழுத்து மெல்லக் கசிந்து மயிர் முளைத்ததுபோல் இருந்தது. சுரண்டிய டிரேசிங் தாளில் மை அப்படித்தான் பரவும்.

அவர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். வாய் அசைவதுதான் தெரிந்தது.

ஏழு வருடத்துக்கு முந்தைய பங்குனி அது. கடல் ஊருக்குள் வந்து போனதற்குப் பிறகு கடலூரில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான்: கிழக்கே இனிமேல் குடியிருக்க முடியாது, மேற்கே போகவேண்டும். துறைமுகத்துப் பக்கம் இருந்த உங்கள் வீட்டையே தண்ணீர் துடைத்துவிட்டுப் போயிருந்தது. ஒரே சுடிதாரைத் துவைத்துத் துவைத்து நீ வேலைக்கு வந்த நாட்கள் எனக்குத் தெரியும். அலுவலகத்தை நடத்திய சாருக்கோ மூச்சு விட நேரமில்லை. நெய்வேலி ரோடு, சிதம்பரம் ரோடு, எங்கே பார்த்தாலும் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன. தினமும் டீ வரும்போது சாருக்கும் உனக்கும் சண்டையும் வந்துவிடும்.

"ஊரு வளர வேணாமா? ஜனங்க எங்கதான் போவும்?" என்பார் சார்.

"வளரட்டும் சார். கடலுக்குப் பயந்து ஓடியார்றவங்கள பள்ளத்துல கொண்டுபோயி உக்கார வச்சா அதுக்குப் பேரு வளர்ச்சியா?"

"எம்மா, நம்ம வேல கோடு போடறது. தண்ணியப் பாத்துக்க வேற டிபார்ட்மெண்டு இருக்குது."

நான் சார் கட்சி. அதை மறைக்க மாட்டேன். வாடகை வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை பாத்திரம் தூக்கி வளர்ந்தவள் நான். அரைக் கிரவுண்டு வாங்குகிறவர்களை நீ தடுக்கிறாய் என்றுதான் எனக்குப் பட்டது. "வீடில்லாதவங்களுக்கு வீடு வேணாமா?" என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன். "வேணும்டி. அதுக்குள்ள அவுங்க நிக்கவும் வேணும்," என்றாய்.

அந்த இடத்தை அளக்க நாம் இருவரும்தான் போனோம். அறுப்பு முடிந்து உளுந்தும் எடுத்துவிட்டார்கள். நிலம் வெடித்துக் கிடந்தது. நடுவில் பன்னிரண்டு அடி அகலத்துக்குக் கொஞ்சம் தாழ்வாக ஒரு தடம் ஓடியது. அதில் மாட்டுவண்டி போன சுவடு. வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் "இது என்னாங்க?" என்று கேட்டேன். "வண்டி போற வழிம்மா," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கோடையில் அது வண்டிப்பாதைதான். பழைய சர்வே புலப்படத்திலும் அங்கே பெயரில்லாத இரண்டு மெல்லிய கோடுகள்தான் இருந்தன. நான் ரோடு என்று குறித்தேன். நீயும் அன்று சரி என்றுதான் சொன்னாய். வெயிலில் அளந்து வெயிலிலேயே வரைந்து முடிப்பது நம் தொழிலின் வழக்கம். மழையில் யார் அளவுச் சங்கிலி பிடிப்பார்கள்?

நீ பிடித்தாய். சேத்தியாத்தோப்பில் யாரோ உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனவள், திரும்பும் வழியில் அந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறாய். ஐப்பசி. மறுநாள் காலை அலுவலகத்துக்குள் வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாய்.

"நீ போட்ட முப்பதடி ரோட்டுல கெளுத்தி ஓடுதுடி."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீர், மேற்கே உள்ள வயல்வெளி மொத்தத்துக்கும் அதுதான் வடிகால் என்றாய். டிரேசிங் தாளை எடுத்துப் பரப்பி, அதை வாய்க்காலாக வரைந்து, இரண்டு பக்கமும் இடம் விட்டு, மனைகளைத் தள்ளிப் போட்டாய். நாலு மனை காணாமல் போனது.

சார் அதைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "நாலு மனை போவுதும்மா. மனை போடறவன் ஒத்துக்க மாட்டான். ரோட்ட மண்ணடிச்சி ஒசத்திட்டா தண்ணி தானா வேற பக்கம் போயிடும். மாத்திடு," என்றார்.

"தண்ணிக்கு வேற பக்கம் இல்ல சார். நான் மாத்த மாட்டேன்."

சார் திரும்பி என்னைப் பார்த்தார்.

அரை பிளேடை எடுத்தேன். மை காய்ந்த டிரேசிங் தாளில் கோட்டை அழிக்கும் விதம் உனக்குத் தெரியும். பிளேடைச் சாய்த்துப் பிடித்து, தாள் கிழியாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டு, சுரண்டி, பொடியை ஊதவேண்டும். அதில் நான் உன்னைவிடக் கெட்டிக்காரி. வாய்க்காலைச் சுரண்டி அதே இடத்தில் ரோடு என்று எழுத அரை மணி நேரம் ஆனது. நீ பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். முடித்ததும், "சுத்தமா அழிச்சிட்டியா?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டாய். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனவள் மறுநாள் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை.

அதற்குப் பிறகு நாம் எத்தனை முறை பேசியிருப்போம்? என் கல்யாணத்துக்கு வந்தாய். குக்கர் கொடுத்தாய். மேடையில் வேறெதுவும் பேசவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் உனக்கு மஞ்சள்காமாலை முற்றிவிட்டது என்று சேதி வந்தது. இரண்டே நாளில் அடுத்த சேதியும் வந்தது. எனக்கு அப்போது எட்டாம் மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று எல்லாரும் தடுத்தார்கள். அழுதேன். ஆனால் உன் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை என்று உள்ளே எங்கேயோ ஒரு நிம்மதியும் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது நடந்ததைக் கேள். வீட்டுக்காரரிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷர். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர், ஒரு பொய் பேசிப் பார்த்ததில்லை. காகிதத்தைச் சுருட்டி வைத்தார். பிறகு, "அப்ப நமக்கு வாணாம்," என்றார். "எங்க ஸ்கூல் தமிழ் டீச்சரு இதே மனைக்குத்தான் அலைஞ்சிகிட்டு இருந்தாங்க. அவுங்களுக்கு விட்டுக் குடுத்துடலாம். அவுங்களுக்கும் சந்தோஷம்."

அதிர்ச்சியாக இருக்கிறதா? இன்னொன்று சொல்கிறேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மனசு லேசானது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் இட்லிக்கு ஊறப்போட்டேன். அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோதுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. தண்ணீரில் கையை வைத்தபடி அப்படியே நின்றேன். நான் யார்? நானா அது?

அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அந்த டீச்சர் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நன்றி சொல்ல வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சுனாமிலேருந்து எம் பொண்ணு ஸ்கூல் பையில ஒரு செட்டு துணி வச்சிருக்கா, ஓடறதுக்கு. இப்ப பிளஸ் ஒன் படிக்கிறா, இன்னமும் வச்சிருக்கா. சார், அந்த மனையிலேருந்து கடலு எவ்ளோ தூரம் இருக்கும்?"

"அது கெடக்குது எங்கியோ," என்றார் இவர்.

"அப்பாடா," என்றார் டீச்சர்.

அந்த 'அப்பாடா'வை என்னால் தாங்க முடியவில்லை. "டீச்சர், அங்க ரோடு இல்ல. அது வாய்க்கா," என்றேன்.

"இவ புள்ளய வச்சிகிட்டு தூக்கமில்லாம ஏதாச்சும் ஒளறுவா," என்று இவர் எழுந்தார்.

டீச்சர் என்னையே பார்த்தார். "யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. நான்தான் அத அழிச்சேன்."

அவர் நம்பவில்லை. நேரில் பார்க்கவேண்டும் என்றார். வியாழக்கிழமை அவர் லீவு போட்டார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரோடு போனேன். வீட்டுக்காரர் சொன்னது சரிதான், ரோடு பளபளவென்றுதான் இருந்தது. ஆள் உயரத்துக்கு மண்ணடித்து மேலே கப்பியும் தாரும் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே பள்ளத்தில் ஆறு வீடுகள் உட்கார்ந்திருந்தன. ஆறும் புது வீடுகள். வெறும் மனையாகத்தான் இருக்கும், யாரும் கட்டியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

முதல் வீட்டு அம்மா எங்களை மனை பார்க்க வந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டார். "வாங்காதீங்க தாயி, கெட்டுப் போவாதீங்க," என்றார். "மேக்கால வயலு தண்ணி மொத்தமும் எங்க வூட்டுலதான் நிக்குது. மார்கழி புயலுக்குப் பத்து நாளு கட்டுலு மேல ஸ்டவ்வ வச்சி சமைச்சேன். வயசான மாமியார எங்க படுக்க வைக்கிறது சொல்லுங்க? மூணு தடவ மனு குடுத்துட்டோம். பிளான்ல வாய்க்காலே கெடையாதுங்கறாங்க. இத எவன் பிளான் போட்டானோ, அவன் குடும்பம் வெளங்குமா? அவன் புள்ள குட்டி..."

அதற்குள் என் மகள் என் கையை உதறிக்கொண்டு ஓடி அவர் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். சுவர் முழுக்கப் பழுப்பாக ஒரு கோடு, தண்ணீர் நின்ற அடையாளம். அது சரியாக அவள் கழுத்துக்கு வந்தது.

"எம்மா, புள்ளய வெயில்ல நிக்க வைக்கிறியே," என்று அந்த அம்மா சாபத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். உள்ளே போய் மோர் கொண்டுவந்து தன் கையாலேயே புகட்டினார். "பேரு என்னாடி தங்கம்?" என்று கேட்டார். என் பிள்ளை குடித்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் நின்றேன்.

பஸ்ஸில் டீச்சர், "திங்கக்கெழம மறுபடியும் கலெக்டர் ஆபீசுக்குப் போறாங்களாம். அங்க வாய்க்கா இருந்துச்சுன்னு சொல்றதுக்கு அவுங்களுக்கு ஒரு ஆளு இல்ல," என்றார். அந்த மனையை அவர் வாங்கப்போவதில்லை.

வீட்டுக்காரர் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கு மட்டும், "நான்தான் அழிச்சேன்னு எழுதிக் குடுத்து நாளைக்கு உம் மேல கேசு வந்துச்சுன்னா, இந்தப் புள்ளய யாரு பாத்துக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளையின் மூச்சு ஏறி இறங்குகிறதா என்று இதை எழுதும்போதே நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.

நீ விட்டுப் போனதில் என்னிடம் மிச்சம் என்னவென்று யோசித்தேன். குக்கர் பழுதாகிவிட்டது. போட்டோ ஒன்றுகூட இல்லை. ஆனால் வியாழக்கிழமையிலிருந்து எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் சுவரின் அடியைத்தான் பார்க்கிறேன். கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கிறேன். அதன் பக்கத்தில் ஒரு குழந்தையை நிறுத்திப் பார்க்கிறேன். பால்வாடியில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும். உன் கண்ணை யாரோ எடுத்து என் முகத்தில் வைத்துவிட்டதுபோல் இருக்கிறது. கடைசிவரைக்கும் இந்தக் கண்ணோடு நீ தனியாக இருந்திருக்கிறாய்.

மனுவை எழுதிவிட்டேன். வாய்க்காலின் அகலம், போக்கு, வரைந்தவள் யார், சுரண்டியவள் யார், எல்லாம் எழுதியாயிற்று. உன் பெயரையும் எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கீழே என் கையெழுத்து மட்டும் பாக்கி. எனக்குத் தெரிந்து, 'முடியாது' என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள் நீ ஒருத்திதான். அன்றைக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் தனியாக நடந்துபோனாயாமே, அப்போது உனக்குப் பயமாக இருந்ததா? அதை மட்டும் சொல். நாளை ஞாயிறு. சீக்கிரம் பதில் எழுது.