என் கலியாணத்தில் மாப்பிள்ளையாக நின்றவனுக்கு

மச்சான்,

இன்று மத்தியானம் என் கலியாணச் சூட்டைத் தூக்கிக்கொண்டு பாரிஸில் ரூ பெர்தொனே தெருவிலுள்ள தையல் கடைக்குப் போனேன். ஐந்து வருஷமாக அலுமாரியில் தொங்கிய சாமான். தையல்காரர் உறையைக் கழற்றியதும் பூச்சி உருண்டை நெடிக்கு நடுவிலிருந்து உன்னுடைய அந்த மட்டமான சந்தன சென்ற் மணத்தது. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது, அது மட்டும் போகவில்லை.

போட்டுப் பார்க்கச் சொன்னார். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“அண்ணை, இது உங்கட அளவில்லையே. ஆற்றையோ சூட்டை மாறிக் கொண்டுவந்திட்டியள் போல கிடக்கு.”

“இல்லைத் தம்பி, என்ரதான்.”

“உள்ளுக்குத் தையலைப் பிரிச்சு இடுப்பை நல்லா விட்டிருக்கு. ஆர் பாத்த வேலை இது?”

நீ பார்த்த வேலை. உன் வண்டி வயிற்றுக்கு இடம் வேண்டும் என்று ஊரில் யாரிடமோ கொடுத்துப் பிரித்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘என் கலியாணத்துக்கு வேறொருவன் போட்டுக்கொண்டு நின்றான்’ என்று கடை நடுவில் நின்று விளக்க முடியுமா? மெலிந்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன். உன்மேல் வந்த எரிச்சலில் பொத்தானைக்கூட ஒழுங்காகக் கழற்ற முடியவில்லை.

உன்னுடைய குறை என்ன தெரியுமா? உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் கடைசிவரை வரவில்லை. பாரிஸில் எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில் அரைவாசிப் பேர் பிரெஞ்சில் வந்த கடிதங்களை நீ இருக்கும் தேத்தண்ணிக் கடைக்குத்தான் கொண்டுவருவார்கள். நீ கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, கடிதத்தைத் தூரப் பிடித்து வாசித்து, “ஒண்டுமில்லை, நான் எழுதித் தாறன்” என்பாய். பத்தில் எட்டு உண்மையிலேயே சரிவந்துவிடும். அந்த எட்டுத்தான் உன்னைக் கெடுத்தது. என்னையும் கெடுத்தது.

“முதல்லை பிரெஞ்ச் ஆகு. பிறகு கலியாணத்தைக் கட்டு. பெண்சாதியைக் கூப்பிடுறது சுகம்,” என்று சொன்னவன் நீ. அகதிக் கார்ட்டோடு இருந்தவரை ஊருக்குப் போக முடியாது என்பதால் நானும் உன் சொல்லைக் கேட்டேன். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கையில் வந்ததும் ஊருக்குப் போய் றெஜினாவைப் பார்த்தேன், பேசினோம், இருவருக்கும் பிடித்தது. சாம்பல் புதனுக்கு முந்திய சனிக்கிழமை என்று நாளும் வைத்துத் திரும்பி வந்தேன். அதைத் தவறவிட்டால் தவக்காலம். பாஸ்காத் திருநாள் முடியும்வரை கோவிலில் கலியாணம் வைக்கமாட்டார்கள். அவளைப் பெற்ற ஐயாவோ அவ்வளவு காலம் தாங்கமாட்டார் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

சரியாக ஒன்பது நாள் இருக்கும்போது நான் வேலை செய்யும் றெஸ்ரோறண்டில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்தேன். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விமானத்தில் ஏறவே கூடாது என்றார்கள். மாப்பிள்ளைத் தோழனாக வர நீ ரிக்கெட் எடுத்து வைத்திருந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் காலடியில் இருந்துகொண்டு, எனக்கு வந்த தோடம்பழத்தை உரித்துத் தின்றபடி நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“நாளை மாத்தாதை. நான் உனக்குப் பதிலா நிக்கிறன்.”

“உனக்கென்ன விசரோ?”

“காணி விக்கிறதுக்குப் பவர் எழுதிக் குடுக்கேலுமெண்டா, கலியாணத்துக்கு ஏன் ஏலாது?”

இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்குப் பவர், காணிக்குப் பவர், வங்கிக்குப் பவர். தாய் தகப்பனின் செத்தவீட்டுக்குக்கூடப் போகமுடியாமல் இங்கே கிடந்தவர்கள் நாங்கள். ஊர்க் காரியம் எல்லாவற்றையும் இன்னொருவர் கையால் செய்தே பழகிவிட்டோம். கலியாணத்தையும் அதோடு சேர்த்துவிட்டோம்.

ஊரில் பங்குச் சுவாமியிடம் கேட்டோம். திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறது, அபூர்வம்தான், ஆயரின் அனுமதியும் இன்னாரை என் பதிலாளாக அனுப்புகிறேன் என்று நான் எழுதிய கடிதமும் வேண்டும் என்றார். இரண்டும் கிடைத்தன. பிரெஞ்சுத் தூதரகத்திலும் ஒருக்கால் கேட்போம் என்று நான் சொன்னேன், மச்சான். இரண்டு தரம் சொன்னேன்.

“கோவிலே ஏத்துக்கொண்டிட்டுது. கடவுள் ஏத்ததை உவை ஏக்கமாட்டினமோ?” என்று கேட்டுவிட்டு நீ ஊருக்குப் பெட்டி கட்டப் போய்விட்டாய்.

பாரிஸுக்குப் பக்கத்தில் ஸ்தேனில் என் வீட்டில், மாக்கட்டுப் போட்ட காலை ஒரு கதிரையில் நீட்டிக்கொண்டு என் கலியாணத்தைப் போனில் பார்த்தேன். என் சூட்டில் நீ. பக்கத்தில் றெஜினா. முன் வாங்கில் அவளுடைய ஐயா, மூக்கில் குழாயோடு. சுவாமி என் பெயரைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். நீ “ஓம் சுவாமி!” என்று போட்ட சத்தத்தில் கோவிலில் பாதிப் பேர் சிரித்தார்கள். றெஜினா சிரிக்கவில்லை. போன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அரசாங்கத்துக்கும் போகும் பதிவுப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே நீ உன் கையெழுத்தை வைத்தாய். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை ஐயா போய்விட்டார். மகளின் கலியாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். அதை நீ எனக்கு எத்தனை தரம் சொல்லிக் காட்டியிருப்பாய்! சரி, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

விசாவுக்கு விண்ணப்பம் கட்டியதும் நீதான். அதில் செய்தாயே ஒரு வேலை, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இரத்தம் கொதிக்கிறது. “ஆதாரம் கூடினா நல்லம்” என்று கலியாண அல்பத்தில் இருந்து அறுபது படம் தெரிந்தெடுத்து வைத்தாய். அறுபதிலும் நீ. மாலையோடு நீ, கேக் வெட்டும் நீ, றெஜினாவின் தாயோடு பல்லைக் காட்டிக்கொண்டு நீ. கொழும்பில் நேர்முகத்தில் அந்த அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, இதில் உங்கள் கணவர் எங்கே என்று கேட்டாராம். பொய் சொல்ல வராத பிள்ளை அவள். “இதுகளிலை அவர் இல்லை. இவர் அவருக்குப் பதிலா நிண்டவர்,” என்றிருக்கிறாள்.

மறுப்புக் கடிதம் வந்தது. பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் கலியாணம் செய்தாலும் அந்த இடத்தில் அவன் நேரில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் இந்த நாட்டுக்கு அது கலியாணமில்லை, கலியாணமில்லை என்றால் விசாவும் இல்லை. தேத்தண்ணிக் கடையில் நீ அதை இரண்டு தரம் வாசித்தாய். கண்ணாடியை நெற்றியில் ஏற்றவில்லை. “ஒண்டுமில்லை” என்றும் சொல்லவில்லை.

வழக்குப் பேசும் அவொக்காவிடம் போனோம். நிதானமான பெண்மணி அவர். விருப்பமில்லாதவர்களைத் தாளில் கட்டிவைப்பதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம் என்று விளக்கினார். அது எனக்கும் விளங்கியது. கடைசியாக ஒன்று சொன்னார். நான் வெளிநாட்டவனாகவே இருந்திருந்தால் எங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து வாதாட ஒரு இடமாவது இருந்திருக்குமாம். பிரெஞ்சுக்காரன் ஆனதால் அதுவும் இல்லையாம். ‘முதல்லை பிரெஞ்ச் ஆகு’ என்று சொன்ன புத்திமான் அந்த நேரம் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

சரி, கால் சுகமாகிவிட்டதே, நேரில் போய்த் திரும்பவும் கலியாணப் பதிவு எழுத்து எழுதுவோம் என்று ஊருக்குப் போனேன். பதிவாளர் புத்தகத்தைப் பார்த்தார்.

“தம்பி, பிள்ளைக்கு ஏற்கெனவே கலியாணம் பதிஞ்சு கிடக்கு.”

“ஓம், என்னோடைதான்.”

“அப்ப ஏன் திரும்பக் கட்டுறியள்?”

பாரிஸில் நான் கலியாணமாகாதவன். யாழ்ப்பாணத்தில் அவள் கலியாணமானவள். மாப்பிள்ளை ஒருவன்தான், பெண்ணும் ஒருத்திதான். அங்கே உள்ள பதிவை நீதிமன்றத்தில் செல்லாது என்று தீர்த்த பிறகுதான் புதிதாக எழுதலாம் என்றார்கள். றெஜினா வெடித்துவிட்டாள்.

“ஐயா பாத்த கலியாணத்தை நான் கோர்ட்டிலை போய்ப் பொய் எண்டு சொல்லமாட்டன். நீங்கள் அங்கையே இருங்கோ.”

நாலு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பங்குச் சுவாமிதான் அவளைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். நீதிமன்றம் அழிப்பது அரசாங்கப் பதிவை மட்டும்தான், கோவிலில் நடந்தது நடந்ததுதான், அதை எந்தக் கந்தோராலும் தொடமுடியாது என்றார். அதன் பிறகு சம்மதித்தாள்.

அதற்குப் பிறகு நீ. அன்று மாப்பிள்ளை அங்கே இருக்கவில்லை என்று நீ ஒரு சத்தியக் கடதாசி எழுதித் தர வேண்டும். ஒரு பக்கம் போதும். லாச்சப்பலில் எல்லாருக்கும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த உனக்கு அதற்கு எட்டு மாதம் எடுத்தது. இன்றைக்குத் தலையிடி, நாளைக்குப் பேனை எழுதாது. கார் து நோர் ரயில் நிலையத்தில் சனத்துக்கு நடுவில் உன்னைப் பிடித்து நிறுத்திச் சத்தம் போட்டேன், நினைவிருக்கிறதா?

“நான் நிண்ட கலியாணம் செல்லாதெண்டு என்ர கையாலையே எழுதோணுமோ?” என்று கேட்டாய். உன் முகம் சிவந்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, நீ பஞ்சிப்பட்டு, சோம்பலில் இழுத்தடிக்கவில்லை என்று. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ‘உன்ர வாயாலை வந்த வினைதானே’ என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனேன்.

கடைசியில் எழுதினாய். இரண்டே வசனம். ‘அன்றைக்கு மாப்பிள்ளையின் இடத்தில் நின்றவன் நான். ஆனால் ஓம் என்று சொன்னது அவன்.’ ஊர் வக்கீல் பதறிப்போய்ப் போன் எடுத்தார். இரண்டாவது வசனம் வழக்கையே கவிழ்த்துவிடும், வெட்டச் சொல்லுங்கள் என்றார். நீ மாட்டேன் என்றாய். அது ஒரு மாதம். பிறகு ஒருநாள் நீயாகவே வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி கூடக் குடிக்காமல், அந்த வசனத்துக்கு மேல் ஒரு கோடு கீறிக் கையெழுத்தும் வைத்துத் தந்தாய். ஒரே ஒரு மெல்லிய கோடு. கீழே இருப்பது ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் வாசிக்கலாம். அதிலும் உன் குறும்பு!

அடுத்த மாதம் என் வீட்டுக்கு வரும் வழியில் ரயிலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாய். மேசையில் நான் உனக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தேன். இவ்வளவு அவசரப்பட வேண்டிய ஆள் இல்லையே நீ, எல்லாவற்றையும் நாளைக்கு என்று தள்ளுகிறவன்தானே.

தீர்ப்பு போன மாதம் வந்தது. உன் கடதாசியை ஏற்றுக்கொண்டார்கள். இந்த முறை தூதரகத்தில் முதலிலேயே கேட்டு, அறிவித்தல் ஒட்டி, அனுமதித் தாளும் எடுத்தாயிற்று. வருகிற கிழமை போகிறேன். கோவிலிலும் ஒருக்கால் நானே ஓம் சொல்லட்டுமா என்று சுவாமியிடம் கேட்டுப் பார்த்தேன்.

“அது சொல்லியாச்சுத் தம்பி. ரெண்டாந்தரம் சொல்ல அங்கை ஒண்டும் மிச்சமில்லை,” என்றார்.

ஆக, நான் செத்து மண்ணுக்குள் போகும்வரை கோவிலில் என் ஓம் நீ சொன்னதுதான். கலியாணம் பதியும் எழுத்துக் கந்தோரில் மட்டும்தான் எனக்கு இடம் விட்டிருக்கிறாய். போனை வைத்துவிட்டு உன்னைத் திட்டினேன், அழுதேன். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

தையல்காரர் இடுப்பைப் பிடித்து ஊசி குத்தி, “வெள்ளிக்கிழமை வாங்கோ அண்ணை, உங்கட அளவுக்குக் கொண்டுவந்திடுறன்,” என்றார். அந்தப் பிரித்த தையலைப் பார்த்தேன்.

“விடுங்கோ தம்பி, இப்பிடியே கிடக்கட்டும். பெல்ற் போட்டால் காணும்,” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. ஊசிகளைக் கழற்றித் தந்தார். கோட்டின் உள்பையில் உன் கடதாசியின் பிரதியை மடித்து வைத்திருக்கிறேன், கோடு கீறிய அந்த வசனத்தோடு. பதிவாளர் சம்மதமா என்று கேட்பார். நான் சொல்லுவேன். உன்னளவுக்குச் சத்தமாக எனக்கு வராது, மச்சான்.