ஏழாம் நம்பர் கிணற்றின் சீறல்

கோல்ட்டர் க்ரீக், ஓக்லஹோமா
மார்ச் 4

அன்புத் தம்பி டாயிலுக்கு,

அக்கா லவோன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதமானால் உட்கார்ந்தாவது படிப்பாய் அல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மத்திய அரசு கொண்டுவரப்போகிற வாயுக் கசிவு விதியைப் பற்றி உங்கள் எண்ணெய்ச் சங்கத்திலிருந்து தபால் வந்தது. சின்ன எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் எல்லாரும் அறுபது நாளுக்குள் கருத்து எழுதி அனுப்ப வேண்டுமாமே. மாதிரிக் கடிதம் ஒன்றும் அச்சடித்து வைத்திருந்தீர்கள். அதன் கீழே நீ உன் கையால் கிறுக்கியிருந்தாய்: இதை அப்படியே காப்பியடிக்க வேண்டாம், ஒரே மாதிரிக் கடிதம் ஆயிரம் வந்தாலும் அங்கே கட்டி வைத்து ஒன்று என்றுதான் எண்ணுவார்கள், சொந்த வார்த்தையில் எழுதினால்தான் மதிப்பு என்று. உன் அத்தான் ஆர்லிஸ் அதைப் பிடித்துக்கொண்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. கல்யாண நாளுக்குக்கூட எனக்கு ஒரு வரி எழுதாத மனுஷன் அரசாங்கத்துக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறார், போ.

எங்கள் நிலைமை உனக்குத் தெரியாததில்லை. பதினொரு கிணறும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பத்தொன்பது பீப்பாய் தருகிறது. அந்த விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கசிவு பார்க்கிற கேமராக்காரனைக் கூப்பிட்டு ஒவ்வொரு கிணற்றையும் படம் பிடிக்கச் சொன்னால் அவன் கூலிக்கே காணாது. மூட வேண்டியதுதான். அறுபத்து மூன்று வயதில் ஆர்லிஸ் வேறு எங்கே போய் வேலை கேட்பார்? சின்னக் கிணறுகளுக்கு விலக்கு கிடைத்தால் பிழைப்போம், இல்லாவிட்டால் இல்லை.

அவர் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ ஒரு தடவை படித்துப் பார். எழுதக்கூடாதது ஏதாவது இருந்தால் அடித்துவிட்டு அனுப்பு. எனக்கு இந்தச் சட்டமெல்லாம் பிடிபடாது. உனக்கு அதுதானே தொழில்.

மறக்காமல் வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
லவோன்


வாஷிங்டன்
மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டி எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வயிறு நிறைந்துவிட்டது. அதுவும் நல்லதுதான், ஏனென்றால் இங்கே வேளைக்குச் சாப்பாடு கிடையாது. எந்தச் செனட்டர் அலுவலகத்தில் என்ன விருந்தோ, அங்கே நின்றுகொண்டே நாலு கடி.

அத்தான் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தேன். பிரமாதம். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. இப்படி நாலு பேர் எழுதினால் எனக்கு இங்கே வேலையே இருக்காது என்று சொன்னதாகச் சொல். நேற்றே பதிவு செய்தாயிற்று. இனிமேல் அது பொதுக் கோப்பில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

விலக்கு வந்துவிடும் அக்கா. கவலைப்படாதே. இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நிச்சயமாக வருகிறேன்.

அன்புடன்,
டாயில்


கோல்ட்டர் க்ரீக்
டிசம்பர் 9

தம்பி டாயிலுக்கு,

தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ வரவில்லை. வான்கோழியில் பாதியை நாய்க்குப் போட்டேன். அது கிடக்கட்டும்.

விதி வந்துவிட்டது. விலக்கு இல்லை. அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விதிக்கு முன்னால் முந்நூறு பக்கத்துக்கு விளக்கம் போட்டிருக்கிறார்களே, அதில் ஒரு இடத்தை இங்கே எழுதுகிறேன்.

"சிறு கிணறுகள் கசிவதில்லை என்ற வாதத்தை ஏற்க இயலவில்லை. ஓக்லஹோமாவில் பதினொரு சிறு கிணறுகளை நடத்தும் ஒருவரே, தமது ஏழாம் கிணற்றுத் தொட்டியின் மூடியிலிருந்து வாயு சீறுவதை வண்டியை விட்டு இறங்கும்போதே கேட்க முடிகிறது என்று எழுதியிருக்கிறார்."

இது ஆர்லிஸ் எழுதியதுதான். ஆனால் அவர் எதற்காக எழுதினார்? எனக்குக் கேமரா எதற்கு, தினமும் கிணற்றுக்குப் போகிறவனுக்குக் காது போதும், ஏழாம் நம்பர் சீறினால் இறங்கும்போதே தெரியும், அன்றைக்கே புது ரப்பர் வளையம் போட்டு அடைத்துவிடுவேன் என்று எழுதினார். அவர்கள் சீறலை மட்டும் எடுத்துக்கொண்டு அடைத்ததை விட்டுவிட்டார்கள்.

காப்பிக் கடையில் முதல் இரண்டு நாள் பக்கத்துக் கிணற்றுக்காரர் ஹாய்ட் கேலி செய்தார். "என்ன ஆர்லிஸ், ஏழாம் நம்பரு இன்னைக்கு என்ன ரகசியம் பேசுச்சு?" என்று. எல்லாரும் சிரித்தார்கள், ஆர்லிஸும் சிரித்தார். மூன்றாம் நாள் ஹாய்ட் வேறு மேசையில் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஆறு கிணறு இருக்கிறது. நீ எழுதின கடிதத்தால்தான் எங்களுக்கும் சேர்த்துப் போச்சு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால்கூடத் தேவலை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், நேராகச் சொல். இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறாய். ஒரு வரி விடாமல் படித்தேன் என்றாயே, அந்த வரி உன் கண்ணில் எப்படிடா படாமல் போயிற்று?

லவோன்


வாஷிங்டன்
டிசம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

படிக்கவில்லை.

அந்த வாரம் மட்டும் நாலாயிரம் கடிதம் வந்தது. அத்தான் எழுதியதைத் தனியாக எடுத்து வைத்தேன், சாயங்காலம் படிக்கலாம் என்று. பிறகு குவியலோடு சேர்ந்து போய்விட்டது. உன்னிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன். படித்திருந்தால் முதல் பக்கத்திலேயே அடித்திருப்பேன். என்னை நீ என்ன சொன்னாலும் தகும்.

கோப்பிலிருந்து அதை எடுக்க முடியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன். ஏறியது ஏறியதுதான்.

ஆனால் சங்கம் வழக்குப் போடுகிறது. விதி ரத்தானால் உங்கள் பதினொன்றும் பிழைக்கும். அரசாங்கத்தின் கையில் இருக்கிற பெரிய சீட்டு அத்தான் எழுதியதுதான் என்கிறார்கள் எங்கள் வக்கீல்கள். அதை உடைக்க ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டுமாம். இத்துடன் இருக்கிறது. அத்தானிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்பா கிணறுகளை உன் பெயரில்தான் எழுதி வைத்தார், அதனால் நீ கையெழுத்துப் போட்டாலே போதும்.

அதில் இருப்பதைப் படித்தால் உனக்குக் கஷ்டமாக இருக்கும். அது நான் எழுதியது இல்லை, வக்கீல்கள் எழுதியது. ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை அக்கா.

டாயில்


கோல்ட்டர் க்ரீக்
ஜனவரி 6

டாயிலுக்கு,

"என் கணவர் பல ஆண்டுகள் எஞ்சின்களுக்கு அருகில் வேலை செய்ததால் செவித்திறன் குறைந்தவர். அவர் சீறல் என்று எழுதியதை நம்பத்தகுந்ததாகக் கொள்ள இயலாது." இப்படி எழுத உங்கள் வக்கீலுக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறீர்களா?

இடது காது மந்தம்தான். காது மிஷின் வைத்திருக்கிறார். ஆனால் வலது காதால் அவர் கேட்பதை நீயும் நானும் நாலு காதால் கேட்க மாட்டோம். வண்டியில் போய்க்கொண்டே எந்தப் பம்பில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கு இருக்கிற ஒரே பெருமை அது.

பத்திரத்தைக் காட்டாமல் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். கடிதத்தில் எழுதினது தப்புன்னு சொன்னா கிணறு பிழைக்கும்னா சொல்வீங்களா என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "கேட்டத எழுதினேன். கேக்கலன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

டயர் கடையில் வேலை இருக்கிறதா என்று நேற்றுப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். இருபது வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாராம். அதை எனக்கு ஹாய்ட் வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு. எப்படியாவது ஜெயித்துவிடுங்கள்.

உன் அக்கா,
லவோன்


வாஷிங்டன்
மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரிகையில் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சங்கம் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதற்குக் கைமாறாக, பெரிய கம்பெனிகளின் குழாய்களுக்கும் வாயுவை அழுத்தி அனுப்புகிற நிலையங்களுக்கும் அரசாங்கம் இரண்டு வருஷம் கூடுதல் அவகாசம் கொடுக்க ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு அது போதும். சின்னக் கிணறுகளுக்கு விதியில் போட்ட பழைய கெடு தேதிதான், மாற்றம் இல்லை. எங்கள் நிர்வாகக் குழுவில் பதினாறு பேர். பதிமூன்று பேர் பெரிய கம்பெனிக்காரர்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஓட்டு இல்லை, ஆனால் வாய் இருந்தது. திறக்கவில்லை. உன்னிடம் இரண்டாம் தடவை பொய் சொல்ல மாட்டேன்.

உன் பத்திரம் நீதிமன்றத்தில் தாக்கலாகிவிட்டது. வழக்கு போனாலும் அது பொதுப் பதிவில் இருக்கும். மூடிய உறையில் வைக்க முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார்கள்.

ஏதாவது எழுது அக்கா. திட்டியாவது எழுது.

டாயில்


கோல்ட்டர் க்ரீக்
ஜூன் 15

டாயிலுக்கு,

போன வியாழக்கிழமை சிமென்ட் லாரி வந்தது. இரண்டு கிணற்றை மூடியாயிற்று, மற்றவை இந்த மாதத்துக்குள். ஆர்லிஸ் கூடவே நின்று அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

பத்திரத்தை அவர் பார்த்துவிட்டார். ஹாய்ட் கெட்டவர் இல்லை, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் நீதிமன்றப் பதிவிலிருந்து அச்செடுத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாராம். "விடு ஆர்லிஸ், உன்மேல தப்பில்ல. உனக்குக் காது கேக்காதுன்னு உன் பொண்டாட்டியே எழுதிக் குடுத்துட்டா பாரு" என்றாராம், கடையில் எல்லாரும் இருக்கும்போது.

வீட்டுக்கு வந்து ஒரு சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு அழுதிருப்பேன், உங்களுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லியிருப்பேன். காகிதத்தை என் முன்னால் வைத்து, "இது உன் கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து நான் எது சொன்னாலும், சாப்பிட வாங்க என்று கூப்பிட்டாலும், ஒரே பதில்தான். "காது கேக்காதவன்கிட்ட என்னத்தச் சொல்ற லவோன்?" கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. டயர் கடைக்காரன் கூப்பிடவில்லை. பகலெல்லாம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார், வண்டி கிளம்புவதில்லை.

இந்த வருஷத் தேங்க்ஸ்கிவிங்குக்கும் நீ வர வேண்டாம். வந்தால் அவர் உனக்கு நாற்காலி இழுத்துப் போடுவார், தட்டில் பெரிய துண்டாக எடுத்து வைப்பார், அதை உட்கார்ந்து பார்க்க என்னால் ஆகாது. பதிலும் எழுத வேண்டாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை டாயில். அவர் எழுதியதை நீ படிக்காமல் அனுப்பினாய். நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

லவோன்